முப்பத்தாறு மெழுகுவர்த்திகள்

டிசம்பர் 6, சனி

என் மனைவி அமலி, முழுப் பெயர் அமலோற்பவம், என்னோடு பேசி இன்றோடு இருபத்தேழு நாள். குறை சொல்லவில்லை, குறித்து வைக்கிறேன். தபால் ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் தேதி முத்திரை குத்திய கை, சும்மா இருக்காது.

காலையில் கோயம்புத்தூரிலிருந்து மகள் ஜெசிந்தா போன் செய்தாள்.

"அப்பா, அம்மா இருவத்திநாலாந் தேதி இங்க வர்றாங்க. கிறிஸ்துமஸ் எங்களோடதான்."

"திரும்பி எப்ப?"

"அது சொல்லலப்பா."

"நானு?"

"உங்களப் பத்திப் பேச்சே வரலப்பா."

போகட்டும். இந்த மதலைமுத்து தனியாக இருந்ததே இல்லையா என்ன? அமலிக்கு அதே வீட்டில், அடுத்த அறையில் இருந்துகொண்டு மகளுக்குப் போன் போட்டு ஊருக்குக் கிளம்புவதைச் சொல்லத் தெரிகிறது, எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. எனக்குச் சமைக்கத் தெரியும். வெந்நீர் போடுவேன், முட்டை அவிப்பேன்.

கீழ் அறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இன்னும் சொட்டுகிறது.

டிசம்பர் 8, திங்கள்

அமலோற்பவ மாதா திருநாள். அவள் பெயருக்குரிய நாள் என்பதால் அவளுக்கு நாமகரணத் திருநாள். கடைத்தெருவுக்குப் போய்க் கால் கிலோ சாக்லெட் வாங்கி வந்து மேசை மேல், அவள் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் பொட்டலம் காலி. வார்த்தை இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

கீழ் அறைக்குத் தமார் வந்துவிட்டாள். இஸ்ரேல்காரி, நாற்பது வயது இருக்கும், அவள் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐந்து வருடமாகக் குளிர் காலத்தில் லீவு போட்டுவிட்டு நம் வீட்டில்தான் வந்து தங்குகிறாள். கொடைக்கானல் பக்கத்து இந்த வட்டக்கானலில் இஸ்ரேல்காரர்களுக்குப் பஞ்சமில்லை. எனக்குத் தெரிந்து தமிழ் பேசுகிறவள் இவள் ஒருத்திதான். அத்தனையும் அமலியின் சமையலறையில் உட்கார்ந்து பொறுக்கிய தமிழ்.

அதில்தான் வில்லங்கம். அமலி என்னை எப்படிக் கூப்பிடுவாளோ அப்படியேதான் இவளும் கூப்பிடுவாள். நடு ரோட்டில், ஜீப் டிரைவர்கள் பத்துப் பேர் நிற்கும்போது, "என்னங்க! மப்ளர் எடுத்தீங்களா?" என்று கத்துவாள். டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வருடா வருடம் திருத்திப் பார்ப்பேன். இந்த வருடம் திருத்தவில்லை. கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

வந்த ஒரு மணி நேரத்தில் வீட்டு நிலவரத்தைப் புரிந்துகொண்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட வந்தது அவள்தான்.

"என்னங்க, அம்மா சொல்றாங்க. சோறு ஆறுதாம். நீங்களும் உங்க பேப்பரும் எக்கேடு கெட்டாலும் சரியாம்."

தூது சொல்கிறவள் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம்.

டிசம்பர் 10, புதன்

தமாருக்கு ஒரு விளக்கு வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஹனுக்கா பண்டிகை ஆரம்பம். எட்டு நாள். மற்ற வருடம் ரோட்டுக்குக் கீழே பையன்கள் கூட்டத்தோடு கொண்டாடுவாள். இந்த வருடம், "அங்க ஒரே சத்தம். விளக்க வீட்ல வைக்கணும். இது வீடு" என்று சொல்லிவிட்டாள்.

கதையும் சொன்னாள். அந்தக் காலத்தில் எதிரிகள் பாழாக்கிய கோயிலை மீட்டு விளக்கேற்றப் போனபோது ஒரு நாளுக்கான எண்ணெய்தான் இருந்ததாம். அது எட்டு நாள் எரிந்ததாம். என்ன எண்ணெய் என்று கேட்டேன். ஆலிவ் எண்ணெய் என்றாள். பாமாயில் என்றால் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு காகிதத்தில் படம் வரைந்து கொடுத்தாள். வரிசையாக எட்டுக் கிண்ணி, நடுவில் ஒன்பதாவதாக ஒன்று மட்டும் உயரமாக. வெல்டிங் பட்டறை ரபீக்கிடம் கொடுத்துச் செய்துவர வேண்டியது என் பொறுப்பு. பொறுப்பு என்று வந்துவிட்டால் மதலைமுத்துவிடம் விட்டுவிடலாம் என்று தபால் துறையே சொல்லும்.

டிசம்பர் 11, வியாழன்

ரபீக் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார், நடுவுல இது மட்டும் ஏன் தூக்கிட்டு நிக்கிது?"

எனக்கும் காலையிலிருந்து அதே உறுத்தல்தான். பாவம், பெண்பிள்ளை அவசரத்தில் கோணலாகப் போட்டிருக்கிறாள். "எல்லாத்தையும் ஒரே மட்டத்துல வச்சிடு" என்று சொன்னேன். ரசமட்டம் வைத்துப் பார்க்கவும் சொன்னேன்.

அப்படியே மெழுகுவர்த்தியும் வாங்கிவிட்டேன். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று எட்டாம் நாள் எட்டு ஏற்ற வேண்டுமாம். கடைக்காரர் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் முப்பத்தாறு என்று சொல்லிவிட்டேன். நல்ல கனமாக, நின்று எரிகிற மெழுகுவர்த்தியாகப் பார்த்து எடுத்தேன். மெல்லிசு வாங்கி மானத்தை வாங்கக் கூடாது.

டிசம்பர் 13, சனி

விளக்கு வந்தது. ஒன்பது கிண்ணியும் நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டம். கொண்டுபோய்ச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, பாராட்டுக்காக நின்றேன்.

தமார் பார்த்தாள். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"என்னங்க, இது யாரக் கேட்டு மாத்துனீங்க?"

"கோணலா இருந்துச்சும்மா. சரி பண்ணிட்டேன்."

"அது கோணல் இல்ல. அது வேலைக்கார விளக்கு. அத வச்சுத்தான் மத்த எட்டையும் ஏத்தணும். அது தனியாத்தான் நிக்கணும். நீங்க என்னைக் கேக்கலயே?"

அப்போது அடுப்படியில் ஒரு சத்தம். அமலி சிரிக்கிறாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாள். முப்பத்து நான்கு நாளில் என் காதில் விழ அவளிடமிருந்து வந்த முதல் சத்தம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்து, நடுக் கிண்ணியின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். மட்டம் பிரச்சினை தீர்ந்தது. என் மானம்தான் போனது.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று யோசித்தேன். நவம்பர் ஒன்பதாம் தேதி விவகாரத்தோடு இதை முடிச்சுப் போடுகிறாள் போல. அது ஒரு சின்ன விஷயம். எழுதி வைத்தால் எழுதியவனுக்கே புரியும், எவ்வளவு சின்ன விஷயம் என்று. பூசை முடிந்து கோயில் வாசலில் பங்குச்சாமியார் எல்லார் முன்னாலும் கேட்டார்: "அமலி, இந்த வருசம் கிறிஸ்துமஸ் விருந்து நானூறு பேருக்கு. சமையலுக்கு நீங்க தலைமை தாங்குறீங்களா?" நான் சொன்னேன்: "அவளால முடியாது சாமி. கால் வலி." கால் வலி உண்மைதானே? நல்லதுக்குத்தானே சொன்னேன்?

வட்டக்கானல் இறக்கத்தில் வரும்போது நின்று சொன்னாள்: "முப்பத்தஞ்சு வருசமா எனக்கும் சேத்து நீங்களே பேசிட்டீங்க. இனிமேயும் நீங்களே பேசுங்க. எனக்கு எதுக்கு வாயி?" அதோடு சரி.

டிசம்பர் 14, ஞாயிறு. முதல் விளக்கு

பொழுது சாய்ந்ததும் ஜன்னலோரம் விளக்கை வைத்தோம். தெருவில் போகிறவர்கள் கண்ணில் பட வேண்டுமாம். தமார் டம்ளர் மேல் ஒரு மெழுகுவர்த்தியும் ஓரக் கிண்ணியில் ஒரு மெழுகுவர்த்தியும் நட்டாள்.

"முதல் நாள் ஒண்ணுதானே?" என்றேன்.

"ஒண்ணுதான். இது வேலைக்காரி. இது கணக்குல வராது. ஆனா இது இல்லாம எதுவும் எரியாது."

அதைச் சொல்லும்போது ஏன் அடுப்படிப் பக்கம் பார்த்தாள் என்று தெரியவில்லை. எனக்கு வேறு கவலை. தினம் ஒன்று கூடுதல் என்றால் எட்டு நாளைக்கு எட்டு குறையும். நாற்பத்து நான்கு வாங்கியிருக்க வேண்டும். இப்போது சொல்ல வேண்டாம். நாளைக்கு வாங்கி நைசாகப் பெட்டியில் போட்டுவிடலாம்.

எபிரேய மொழியில் பாடினாள். முடிவில் "ஆமென்" என்றது மட்டும் புரிந்தது. அதை உரக்கச் சொன்னேன்.

அதன் பிறகுதான் இடி. அமலி டீ போட எழுந்தாள். தமார் அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "எங்க பாட்டி காலத்துப் பழக்கம்மா. விளக்கு எரியிற வரைக்கும் பொம்பளைங்க வேலை பாக்கக் கூடாது."

"ஆம்பளைங்க?" என்றேன்.

"ஆம்பளைங்க பாக்கலாம்."

சரி, ஒரு மெழுகுவர்த்தி எவ்வளவு நேரம் எரிந்துவிடப் போகிறது என்று உட்கார்ந்தேன். எரிகிறது. எரிகிறது. எரிந்துகொண்டே இருக்கிறது. கனமாகப் பார்த்து வாங்கிய புண்ணியவான் நான்தான். அரை மணி பொறுத்துப் பார்த்துவிட்டு, கோயிலில் செய்வதுபோல ஊதி அணைத்து மிச்சத்தை எடுத்து வைக்கப் போனேன். தமார் போட்ட கூச்சலில் மேல்வீட்டு நாய் குரைத்தது. அணைக்கக் கூடாதாம், தானாகத்தான் அடங்க வேண்டுமாம். அணைத்ததையே மறுபடி ஏற்றினாள். ஆக மொத்தம் இரண்டு மணி நேரம்.

டீ நான் போட்டேன். அமலி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ருசித்தாளா, பிரார்த்தித்தாளா, தெரியாது.

டிசம்பர் 15, திங்கள். இரண்டாம் விளக்கு

மேல்வீட்டு ஞானப்பூ வேலியில் நின்று ஜன்னலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்னண்ணே, வேற சபைக்கு மாறிட்டீங்களா?"

இல்லை என்றேன். "அப்ப எதுக்கு அக்கா ஹாய்யா உக்காந்திருக்கு, நீங்க வெங்காயம் உரிக்கிறீங்க?" என்றாள். இதற்கு எந்தச் சபையில் பதில் இருக்கிறது?

ராத்திரிக்கு ரசமும் முட்டையும். ரசத்தில் புளி கூடிவிட்டது. மெழுகுவர்த்தி வாங்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 16, செவ்வாய். மூன்றாம் விளக்கு

மூன்றையும் ஏற்றியதும் கரண்டு போய்விட்டது. நல்லதாகப் போயிற்று என்று பேப்பரை எடுத்து விளக்குப் பக்கம் பிடித்தேன். தமார் பேப்பரைப் பிடுங்கினாள்.

"என்னங்க, இந்த வெளிச்சம் வேலைக்கு இல்ல. படிக்கக் கூடாது, ஒண்ணும் பண்ணக் கூடாது. சும்மா பாக்கணும்."

"பாத்து?"

"பாத்து என்ன பாத்து. பாக்குறதுதான்."

பார்த்தேன். மூன்று சுடரையும் டம்ளர் மேல் இருந்ததையும் எவ்வளவு நேரம் பார்ப்பது? அதற்குப் பின்னால் அமலி உட்கார்ந்திருந்தாள். வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அவளைப் பார்த்தேன். காதோரம் நரை நிறைய ஏறியிருக்கிறது. எப்போது ஏறியது? கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். இத்தனை வருடத்தில் அந்தக் கையில் ஒரு கரண்டியோ துணியோ இல்லாமல் நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நான்தான் திருப்பிக்கொண்டேன்.

டிசம்பர் 17, புதன். நான்காம் விளக்கு

பண்டிகைக்கு எண்ணெய்ப் பலகாரம் செய்ய வேண்டுமாம், அந்த எண்ணெயின் ஞாபகமாக. உருளைக்கிழங்கைத் துருவி, வெங்காயமும் முட்டையும் போட்டுப் பிசைந்து, தட்டித் தட்டிப் பொரிப்பது ஒன்று. இன்னொன்று மைதா உருண்டையைப் பொரித்து உள்ளே ஜாம் வைப்பது. எனக்குத் தெரிந்த மொழியில் அது ஜாம் போண்டா. தமாரும் பொம்பளையாகப் போனதால் அவளும் உட்கார்ந்துவிட்டாள். அடுப்படியில் நான் மட்டும்.

அமலி நாற்காலியில் இருந்தபடியே கைஜாடையில் என்னை ஆட்டி வைத்தாள். விரலைக் கீழே அமுக்கினால் தீயைக் குறை. கையைப் புரட்டினால் திருப்பிப் போடு. தலையில் அடித்துக்கொண்டால் கருகிவிட்டது. தலையில் நிறைய அடித்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் வந்ததாம். என் கையில் எட்டு நாள் எண்ணெய் ஒரே சாயங்காலத்தில் தீர்ந்தது. இதுவும் ஒரு அதிசயம்தான்.

ஜாம் போண்டா நாலாவது ஈடு தேறியது. அமலி மூன்று தின்றாள். எண்ணினேன். இரண்டு விரலில் கொப்புளம். அவள் தேங்காய் எண்ணெயை என் பக்கம் தள்ளி வைத்தாள். அது வேலையில் சேராதா என்று தமாரைக் கேட்டேன். சேராது என்றாள்.

டிசம்பர் 18, வியாழன். ஐந்தாம் விளக்கு

பம்பரம் விளையாடினோம். அறுபத்து இரண்டு வயதில்! நாலு பக்கமுள்ள மரப் பம்பரம், சாட்டை கிடையாது, விரலால் திருகிவிட வேண்டும். பக்கத்துக்கு ஒரு எழுத்து. ஒன்று விழுந்தால் நடுவில் இருக்கிற வேர்க்கடலை எல்லாம் நமக்கு, ஒன்று விழுந்தால் பாதி, ஒன்றுக்கு ஒன்றும் இல்லை, ஒன்று விழுந்தால் நாமே ஒரு கடலை வைக்க வேண்டும். எனக்குக் கடைசி எழுத்துத் தவிர வேறு விழவில்லை. பம்பரத்தில் பழுது இருக்கிறது என்று எழுதிக்கொடுக்கத் தயார்.

அமலி திருகினால் "எல்லாம்". மறுபடி திருகினால் மறுபடி "எல்லாம்". உள்ளங்கையை மட்டும் என் முன்னால் நீட்டுவாள். ஒரு படிக் கடலையையும் அவள் மடியில் போட்டுவிட்டு ஓட்டாண்டியாக உட்கார்ந்தேன். கடைசியில் பத்துக் கடலையைத் தோல் உரித்து என் முன்னால் வைத்தாள், விளையாடுவதற்காக. நான் தின்றுவிட்டேன்.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது, இருபத்து நான்கு வர.

டிசம்பர் 19, வெள்ளி. ஆறாம் விளக்கு

வெள்ளிக்கிழமை என்பதால் சூரியன் மறையும் முன்பே ஏற்ற வேண்டுமாம். ஏற்றிவிட்டுத் தமார் ஓய்வுநாள் விருந்துக்கு நண்பர்கள் வீட்டுக்கு நடந்துவிட்டாள். வீட்டில் ஆறு விளக்கு, ஒரு வேலைக்கார விளக்கு, நான், அமலி.

இரண்டு மணி நேரம். மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து டீ போட்டேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயைத் திறந்தேன்.

"சக்கர போதுமா?" என்றேன்.

தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் வந்தது. முப்பத்து நான்கு வருடம் கவுன்டரில் உட்கார்ந்து கத்தாத கத்தல் இல்லை, 'மன்னிப்பு' என்ற இந்த ஐந்து எழுத்து வரவில்லை. தமார் திரும்பி வந்ததும் சொன்னேன். சர்க்கரை கேட்டது மன்னிப்புக் கணக்கில் வராதாம்.

உண்மையை எழுதிவிடுகிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. சமையல் பயம் இல்லை. அவள் போன பிறகு இந்த வீட்டில் விளக்குப் போட்டால் எதிரே நாற்காலிதான் இருக்கும். அவள் திரும்பி வராமல் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

டிசம்பர் 20, சனி. ஏழாம் விளக்கு

ஓய்வுநாள் முடிந்து வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் ஏற்றலாமாம். வட்டக்கானல் மஞ்சு மூட்டத்தில் பக்கத்தில் நிற்கிற தமாரே தெரியவில்லை, நட்சத்திரத்துக்கு எங்கே போவது? இருவரும் முற்றத்தில் அண்ணாந்து நின்றோம். கடைசியில் போனில் மணி பார்த்து ஏற்றினாள்.

அவள் குளிக்கக் கீழே போனதும் சொல்லிவிட்டேன். அமலியைப் பார்த்துச் சொல்லவில்லை, விளக்கைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"அன்னிக்குச் சாமியார்கிட்ட உன்னயக் கேக்காம நான் பதில் சொன்னது தப்பு. விளக்கு விசயத்துலயும் தப்பு. மெழுகுவர்த்தியிலயும் தப்பு. முப்பத்தாறுதான் வாங்குனேன். நாளைக்கு எட்டு குறையும்."

விளக்கு பதில் சொல்லவில்லை. அமலியும் சொல்லவில்லை. ஆனால் எழுந்து கீழே தமார் அறைக்குப் போய்விட்டாள். விளக்கு எரியும்போது எழுந்து போகலாமா, தெரியவில்லை. இரண்டு பேரும் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ செய்தார்கள். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. என்னைப் பற்றித்தான் இருக்கும்.

டிசம்பர் 21, ஞாயிறு. எட்டாம் விளக்கு

பெட்டியில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. கடையில் கேட்டால் கிறிஸ்துமஸ் கூட்டம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது, பர்த்டே கேக்கில் குத்துகிறதுதான் இருக்கிறது என்கிறார். வேறு வழியில்லாமல் பூசை முடிந்ததும் மாதா பீடத்துப் பக்கம் ஒதுங்கி, காணிக்கையைப் போட்டுவிட்டு, மெழுகுவர்த்திகளை எடுத்துக் கோட்டுப் பைக்குள் இறக்கினேன். எட்டாவது இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் குரல்.

"மதலைமுத்து, எட்டு வேண்டுதலா?"

பங்குச்சாமியார். நான் எண்ணும்போது வாய்விட்டு எண்ணியிருக்கிறேன். விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார். "ஞானப்பூ ஏற்கெனவே சொல்லிச்சு. சாயங்காலம் நானும் வந்து பாக்குறேன்."

வந்தார். ஒன்பது மெழுகுவர்த்தியும் ஒரே சமயத்தில் எரிந்தது இன்றுதான். ஜன்னல் கண்ணாடியில் இன்னொரு ஒன்பது. தமார் பாடினாள், சாமியாரும் நானும் சேர்ந்து ஆமென் சொன்னோம். சாமியாருக்கு ஜாம் போண்டா நான்தான் பொரித்தேன். அவர் இரண்டாவதைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்:

"கிறிஸ்துமஸ் சமையலுக்கு வர்றேன்னு சொன்ன ஆளு கடைசி நேரத்துல கைய விரிச்சிட்டான்யா. என்னப்பா, அமலி வந்து சமைச்சுக் குடுப்பாங்களா? கால் எப்பிடி இருக்கு?"

பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நானூறு பேருக்குச் சமைக்க விட்டால் இருபத்து நான்காம் தேதி பயணம் தானாக நின்றுவிடும்! "தாராளமா வருவா சாமி" என்ற ஒரு வார்த்தை போதும். அவள் வீட்டோடு இருந்துவிடுவாள். தமார் என்னையே பார்த்தாள். அமலி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்படித்தான் விழுங்கினேனோ. "எனக்குத் தெரியாது சாமி. அவளக் கேளுங்க" என்றேன்.

சாமியார் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "என்ன அமலி, முடியுமா?"

நாற்பத்து இரண்டு நாளுக்குப் பிறகு அமலி என் முன்னால் வாயைத் திறந்தாள். குரல் கொஞ்சம் கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"முடியாது சாமி. இருவத்திநாலு காலையில நாங்க ரெண்டு பேரும் கோயம்புத்தூர் போறோம். மக வீட்டுக்கு. நேத்தே டிக்கெட் போட்டாச்சு, தமாருதான் போன்ல போட்டுக் குடுத்தா. வீட்டயும் அவ பாத்துக்கிருவா. சமையலுக்கு ஞானப்பூவக் கேளுங்க, அவ நல்லாச் செய்வா. என்னென்ன எவ்வளவுன்னு நான் எழுதிக் குடுத்துர்றேன். இவரு ரெண்டு வாரம் அங்கதான் இருப்பாரு, பேரப்பிள்ளையப் பள்ளிக்கூடம் திறக்குற வரைக்கும் பாத்துக்கிருவாரு. அவருக்கும் அங்க இருக்க ரொம்பப் பிடிக்கும்."

எனக்கா? கோயம்புத்தூரா? ரெண்டு வாரமா? அந்த ஊர் வெயிலும் டிராஃபிக்கும் எனக்கு ஆகவே ஆகாது என்று ஊருக்கே தெரியும். நேற்றே டிக்கெட் போட்டிருக்கிறார்கள், என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா?

"அப்பிடியா மதலைமுத்து?" என்றார் சாமியார்.

"ஆமா சாமி. ரொம்பப் பிடிக்கும்" என்றேன். அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அணைத்து வைத்திருந்த அடுப்பு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

டிசம்பர் 22, திங்கள்

சட்டை இஸ்திரி. கீழ் அறைக் குழாயை நிரந்தரமாக மூடிவிட்டு, தமாரை மாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

டிசம்பர் 24, புதன்

பழனி பஸ் ஸ்டாண்டு. அமலி பூ வாங்க இறங்கியிருக்கிறாள், இந்த ஐந்து நிமிடத்தில் எழுதிவிட வேண்டும்.

காலை ஆறரைக்குக் கொடைக்கானலில் பஸ் ஏறினோம். உட்கார்ந்ததும் ஆரம்பித்தவள்தான். நான் போட்ட டீயில் டீத்தூளே இல்லை என்றாள். ரசம் என்ற பேரில் நான் வைத்தது புளித்தண்ணி என்றாள். நாமகரணத் திருநாளுக்கு எவனாவது கால் கிலோ சாக்லெட் வாங்குவானா, அரைக் கிலோ வாங்கினால் என்ன என்றாள். மெழுகுவர்த்தியை எண்ணத் தெரியாதவன் தபாலை எப்படி எண்ணினான் என்றாள். ஜாம் போண்டா மட்டும் பரவாயில்லை என்றாள். ஐம்பது கொண்டை ஊசி வளைவு இருந்தாலும் பத்தாத பேச்சு. முன் சீட்டில் இருந்தவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார், கண்டக்டர் காதில் அடைக்கப் பஞ்சு தேடியிருப்பார். மலை முழுக்க இறங்கி வருகிற வரை ஒரு நிமிடம் மூச்சு விடவில்லை. எனக்குத் தலை கிண்ணென்று இருக்கிறது.

அதோ வந்துவிட்டாள், நடந்து வரும்போதே என்னவோ சொல்லிக்கொண்டு வருகிறாள். காதில் விழவில்லை. ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்திருக்கிறேன்.